பெல்ட்டுப் பையில் கற்கண்டு

புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிகளே, தம்பிகளே, சுகர் நோயாளியைத் திட்டுவதற்குப் படிப்பே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி திட்டுவாள், பெற்ற பிள்ளை திட்டும், டீக்கடைக்காரர்கூடத் திட்டுவார். உங்களுக்கும் எனக்கும் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது வேறு ஏதோ வேலைக்காக. அது என்ன வேலை என்று எனக்கு நன்றாக உறைத்தது ஒரு கல்யாண வீட்டில். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நான் அபிராமத்துக்காரி. மிளகாய்க் காட்டையும் கண்மாயையும் பார்த்து வளர்ந்தவள். உத்தியோகம் என்னவோ கடலோரத்தில்தான் வாய்த்தது. கடைசி வருஷங்களில் மண்டபம் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில், சுகர், பிரஷர் பார்க்கும் பிரிவில் நர்ஸாக இருந்தேன். எனக்கும் சுகர் உண்டு. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மறைத்தாலும் பலிக்காது. அந்த ஊரில் நர்சம்மாவுக்கு என்ன வியாதி என்பது நர்சம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

இந்த வியாதிகளோடு மனிதர்கள் நடத்தும் குடித்தனம் விசித்திரமானது. என் பெரியப்பா ஒருவர் பிரஷர் மாத்திரையை ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் மட்டும் விழுங்குவார். கேட்டால், "பரீட்சைக்கு மொத நாள் படிச்சாப் போதும்ல?" என்பார். பரீட்சையில் பாஸாகிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் தலை சுற்றும். அவரைப் போல ஏமாற்றுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டால், ஏமாற்றாதவர் வந்து நிற்கும்போதும் நமக்கு அதே சந்தேகம்தான் வரும். நைனா முகமது விஷயத்தில் நடந்தது அதுதான்.

நைனா முகமது விசைப்படகு ஓட்டுகிறவர். டிரைவர் என்றால் மண்டபத்தில் பஸ் டிரைவருக்கு முன்னால் அவர்தான் நினைவுக்கு வருவார். கைலி கட்டி, அதன் மேல் அகலமான பச்சை பெல்ட் போட்டிருப்பார். அந்தப் பெல்ட்டில் இருக்கும் பைகளில் செல்போன், பீடிக் கட்டு, நூல்கண்டு, பேட்டரி எல்லாம் இருக்கும். மாத்திரையில் அடங்காததால் இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டவர். தினமும் தவறாமல் போட்டுக்கொள்கிறேன் என்பார். ஆனால் சுகர் இறங்கவே இறங்காது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டுவார். அடுத்த தடவையும் அப்படியே நிற்கும். மறுபடி கூட்டுவார்.

அவர் மனைவி ரகுமத்துக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை.

"இவுக திருட்டுத்தனமா எதையோ திங்கிறாக சிஸ்டர். ஊசியா பொய் சொல்லப் போகுது?"

"அல்லா மேல சத்தியமா ஒண்ணும் திங்கல சிஸ்டர்," என்பார் அவர்.

நான் ரகுமத்தின் கட்சியில் சேர்ந்துகொண்டேன். வீட்டில் இனிப்பை வைத்துப் பூட்டு, யார் கேட்டாலும் கொடுக்காதே, நானே வந்து கேட்டாலும் கொடுக்காதே என்று வாய்க்கொழுப்பாக ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ரகுமத்து அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அலமாரிச் சாவி அவள் முந்தானைக்குப் போனது. டீக்கடைக்குத் தகவல் போனது. டீக்கடைக்காரர் நைனா முகமதுக்குச் சீனி இல்லாத டீயைக் கொடுத்ததோடு, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று காவல் காத்தார். படகில் கூடப் போகிற பையன்களையும் ரகுமத்து உளவு பார்க்கச் சொன்னாள். அவர்கள் திரும்பி வந்து, "டிரைவரு கஞ்சியும் மீனும்தான் திங்கிறாரு அத்த. நாங்க வெச்சிருந்த பிஸ்கட்டத் தொடக்கூட இல்ல," என்று அறிக்கை கொடுத்தார்கள். அவர்களையும் அவர் விலைக்கு வாங்கிவிட்டார் என்று ரகுமத்து முடிவு செய்தாள்.

ஒருநாள் நைனா முகமது என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், கடல்ல சிலோன் நேவிக்காரன் புடிச்சிருவானோன்னு பயம். கரைக்கு வந்தா இவ புடிச்சிருவாளோன்னு பயம். அவனாச்சும் பேச்சுவார்த்தைக்கு அப்புறம் விட்டுருவான் சிஸ்டர்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அதற்குள் விஷயம் வேறு இடத்துக்குப் போயிருந்தது. இவ்வளவு சுகரோடு கடலில் எங்கேயாவது மயங்கி விழுந்தால் படகும் போகும், ஆட்களும் போவார்கள் என்று படகு முதலாளி கணக்குப் போட்டார். டாக்டர் சரி என்று சொன்னால்தான் இனிப் படகைக் கொடுப்பேன் என்றுவிட்டார். டாக்டரும் அவரைக் கூப்பிட்டு, "தடைக்காலம் முடியறதுக்குள்ள சுகர் இறங்கணும். இறங்கலேன்னா கடலை மறந்துடுங்க," என்றார். தடைக்காலம் என்பது மீன்கள் குஞ்சு பொரிப்பதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத கோடை மாதங்கள்.

அன்று நைனா முகமது வாசல்வரை என்னோடு நடந்து வந்தார். "கரையில ஒக்காந்து நான் என்னத்தப் பண்ண சிஸ்டர்? மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே ஆடுற பலகையில நின்னு பழகுனவன். தரையில நின்னாத்தான் எனக்குத் தலை சுத்தும்." "வாயைக் கட்டுங்க," என்றேன். எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்.

தடைக்காலம் வந்தது. எங்கள் கடலோரத்தில் பாதிக் கல்யாணங்கள் அந்த மாதங்களில்தான் நடக்கும். அப்போதுதான் மாப்பிள்ளையும் கரையில் இருப்பார், மாமனாரும் கரையில் இருப்பார். நைனா முகமதுவின் மகள் பரீதாவுக்கு நிக்காஹ் வைத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. பட்டுப்புடவை எடுத்துக் கட்டினேன். என் மகள் அந்தப் புடவைக்குத் தோதாக வாங்கிக் கொடுத்திருந்த சின்னக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

கல்யாண மண்டபத்தின் நடுவே திரை கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் ஆண்கள், மாப்பிள்ளை, நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத். இந்தப் பக்கம் பெண்கள். பெண்ணின் வாப்பா சாட்சிகளோடு இந்தப் பக்கம் வந்து, இந்த நிக்காஹுக்குச் சம்மதமா என்று மகளைக் கேட்க வேண்டும். அவள் சம்மதம் சொன்னபிறகுதான் அங்கே நிக்காஹ் நடக்கும். அது முடிந்ததும் பேரீச்சம்பழமும் கற்கண்டும் வைத்த தட்டுகளைத் திறந்து எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

நைனா முகமது வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அந்த வெயிலில் எல்லோருடைய சட்டையும் நனைந்துதான் இருந்தது என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பரீதா தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். அவர் மகளைப் பார்க்காமல் பந்தலில் மினுக்கிக்கொண்டிருந்த சீரியல் லைட்டுகளைப் பார்த்தார்.

"ஏலே, யாருலே லைட்டப் போட்டது? அணைங்கலே! ரொம்பத் தூரத்துக்குத் தெரியும்ல!"

பெண்கள் சிரித்தார்கள். வாப்பா வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தார்கள்.

"பரீதா, வலைய இழுக்கச் சொல்லு. காத்து மாறுது."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மாப்பிள்ளையின் தாயார் முன்னால் வந்து, "என்ன மச்சான், நேரமாகுதுல்ல," என்று நயமாகச் சொன்னார். நைனா முகமது இரண்டு கையையும் விரித்து அவரை மறித்தார்.

"இங்கிட்டு வராதீக! இது எங்க எல்லை!"

சம்பந்தியம்மாவின் முகம் சுண்டிப்போனது. "என்ன இது? குடிச்சிட்டா வந்திருக்காரு?" என்றார்.

அந்தச் சபையில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. பரீதா நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்துகொண்டிருந்தார்கள்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது, நடுங்கியது. உதடும் நடுங்கியது. அந்த வேர்வையை எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்ததால் மட்டுமல்ல, எனக்கே இரண்டொரு தடவை வந்திருப்பதால் தெரியும். சுகர் தரைதட்டியிருந்தது. அப்போது மனிதருக்குக் கோபம் வரும், பேச்சு குழறும், இடம் மறக்கும். உடனே இனிப்பு வாய்க்குள் போகவில்லை என்றால் அடுத்தது மயக்கம்தான்.

நான் எப்போதும் பையில் மிட்டாய் வைத்திருப்பவள். பையைத் திறந்தேன். உள்ளே ஒரு சீப்பும் ஒரு கைக்குட்டையும் இருந்தன. மிட்டாய் வீட்டில், பழைய பையில் பத்திரமாக இருந்தது. அந்தப் பை பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக இல்லையே.

"சீனி கொண்டாங்க! சர்பத்து இருந்தா சர்பத்து! ஓடுங்க!"

ஒருத்தியும் நகரவில்லை. சுகர்காரருக்குச் சீனியா என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு நல்ல மனசுக்காரி மட்டும் ஓடினாள். ஒரு சொம்போடு திரும்பி வந்து, "வெந்தயத் தண்ணி சிஸ்டர், சுகருக்கு நல்லது," என்று நீட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சொம்பைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

"ரகுமத்து, சாமான் அறையத் தொற! சாவிய எடு!"

ரகுமத்து முந்தானை முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "சிஸ்டர், ஒங்களுக்கு என்ன ஆச்சு? நீங்கதான சொன்னீக, யாரு கேட்டாலும் குடுக்காதன்னு? நீங்களே வந்து கேட்டாலும் குடுக்காதன்னு?"

"அத நாந்தான் சொன்னேன். இப்பக் குடுன்னும் நாந்தான் சொல்றேன்."

"மகளுக்கு நிக்காஹ் நடக்குற நேரத்துல இவுகளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"குடுக்கலன்னாத்தான்டி ஆகும்!"

அவளுக்கு விளங்கவில்லை. பல மாதங்களாக நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் என் பேச்சையே மறித்துக்கொண்டு நின்றது. நான் திரையோரம் ஓடி, "அந்தத் தட்டுல கற்கண்டு இருக்கே, அதக் குடுங்க," என்றேன். தட்டுக்குப் பக்கத்தில் நின்ற உறவுக்காரர் பதறிப்போய், "நிக்காஹ் முடியாமத் தட்டத் தொறக்கக் கூடாதும்மா," என்றார். பெண்ணின் சம்மதத்தைக் கேட்காமல் நிக்காஹ் முடியாது. சம்மதத்தைக் கேட்க வேண்டியவருக்கு இனிப்பு கொடுக்காமல் புத்தி தெளியாது. நிக்காஹ் முடியாமல் அந்த இனிப்பு வெளியே வராது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டது. வெள்ளை ஜிப்பாக் கை. உள்ளங்கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"நர்சம்மா, இதக் குடுங்க. என் ஜிப்பாப் பையில எப்பவும் கெடக்கும். எனக்கும் இந்த வேர்வை வரும்."

ஹஜ்ரத்தின் குரல்தான் அது. பொட்டலத்தில் கற்கண்டு. நான் நைனா முகமதுவை உட்காரவைத்து, நினைவு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கற்கண்டை வாயில் போட்டேன். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் போடாதீர்கள், ஊற்றாதீர்கள். இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். ஹஜ்ரத் சொல்லைக் கேட்டபிறகு ரகுமத்தின் கை முந்தானையை விட்டது. சாவி வந்தது, சர்பத்தும் வந்தது. அவளே டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவரைக் குடிக்கவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. சுற்றிலும் பார்த்தார். "நான் ஏதாச்சும் சொன்னேனா?" என்று கேட்டார்.

சம்பந்தியம்மாதான் அவருக்கு விசிறிக்கொண்டே, "எல்லைய விட்டு அங்கிட்டுப் போகச் சொன்னீக. நான் போகல," என்றார். கூடம் முழுவதும் சிரித்தது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஹஜ்ரத், "அதெல்லாம் பெறகு பேசிக்கலாம். மொதல்ல மக சம்மதத்தக் கேளுங்க நைனா," என்றார். கேட்டார். பரீதா அழுதுகொண்டே சிரித்து, சம்மதம் சொன்னாள்.

கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. எந்நேரமும் ஏறியே கிடந்த சுகர் அன்றைக்கு எப்படி அப்படிப் பாதாளத்துக்குப் போனது? கல்யாணப் பரபரப்பில் காலையில் சாப்பிடவில்லை என்பது உண்மைதான். அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று பட்டது. அதுவரை நாங்கள் எல்லோரும் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: என்ன தின்றாய்? டாக்டர் கேட்டார், மனைவி கேட்டாள், டீக்கடை கேட்டது, நான் கேட்டேன். மறுநாள்தான் முதல் தடவையாக வேறு ஒன்றைக் கேட்டேன். "மருந்த எங்க வைக்கிறீங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இதை ஒருத்தராவது கேட்டார்களே என்ற சந்தோஷம். "வாங்க சிஸ்டர், காட்டுறேன்," என்று என்னையும் ரகுமத்தையும் கரையில் கட்டிக்கிடந்த படகுக்கே கூட்டிப்போனார். மீன் வைக்கும் அறையின் பலகையைத் தூக்கி, உள்ளேயிருந்து ஒரு தெர்மக்கோல் பெட்டியை எடுத்தார்.

"மருந்தக் குளுமையில வைங்கன்னு நீங்க சொன்னீகள்ல? கடல்ல பிரிட்ஜுக்கு எங்கிட்டுப் போறது? ஐச நொறுக்கி இதுல கொட்டி, நடுவுல மருந்த வெச்சிருவேன். சும்மா ஐசு வெரசா உருகிரும் சிஸ்டர். அதனால கல்லுப்பத் தூவிருவேன். அப்பத்தான் குளுரு இறுகிக்கிரும். ஏத்துமதி எறாலுக்குக்கூட நான் இம்புட்டுப் பக்குவம் பாத்ததில்ல!"

பெட்டியின் மூலையில் பழைய மருந்துக் குப்பி ஒன்று கிடந்தது. எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். திரிந்த பாலைப் போலக் கட்டி கட்டியாக நின்றது. உப்பு போட்ட ஐஸில் மருந்து உறைந்திருக்கிறது. இன்சுலின் ஒரு தடவை உறைந்துவிட்டால் அவ்வளவுதான், மறுபடி இளகினாலும் அதில் பலம் இருக்காது. ஒவ்வொரு குப்பியும் முதல் தடவை கடலுக்குப் போனதுமே செத்துவிட்டது. செத்த மருந்தைத்தான் அவர் ஒருநாள் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். சுகர் இறங்காததால் நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். தடைக்காலம் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பிரித்த புதுக் குப்பி ஐஸைப் பார்க்காமல் வீட்டு பிரிட்ஜில் சுகமாக இருந்தது. உயிருள்ள மருந்து, கூட்டிவைத்த அளவு, காலியான வயிறு. மீதியைக் கல்யாண மண்டபம் பார்த்தது.

நான் சொல்லச் சொல்ல அவர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் திங்கலயா சிஸ்டர்?"

"நீங்க திங்கல."

"நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்திருச்சு. தூக்கத்துல எந்திரிச்சுத் தின்னுருவேனோன்னு வாசல்ல படுத்துக்கிட்டேன், அடுப்படிப் பக்கம் போயிரக் கூடாதுன்னு."

ரகுமத்து அந்தப் பலகையிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "காத்துக்காக அங்கன படுக்குறாகன்னு நெனச்சேன்," என்றாள். திட்டினால் கேட்காதவர்களைப் பற்றி நாம் எப்போதும் பேசுகிறோம். திட்டை நம்பிவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

டாக்டர் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு, "நாமளும் கேக்கலையே சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு மருந்தின் அளவைப் பாதிக்கு மேல் குறைத்தார். தடைக்காலம் முடிவதற்குள் சுகர் ஒழுங்குக்கு வந்தது. கடலுக்குப் போகலாம் என்று சொன்னார், இரண்டு நிபந்தனைகளோடு. மருந்து இனி ஐஸுக்குப் போகக் கூடாது, குளிர்ந்த தண்ணீர் வைத்த பிளாஸ்க்கில் நிழலில் இருக்க வேண்டும். அப்புறம், கூடப் போகிற பையன்களுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு வகுப்பு எடுத்தது நான். வேர்த்தால், நடுங்கினால், காரணமில்லாமல் கத்தினால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும் என்றேன். ஒரு பையன் கவலையோடு கையைத் தூக்கினான்.

"டிரைவரு எப்பவுமே கத்துவாரு அக்கா. மூட்டை கணக்குலல்ல சீனி வேணும்?"

தடைக்காலம் முடிந்து முதன்முதலாகப் படகுகள் கிளம்பிய காலையில் நானும் படகு கட்டும் மீன்துறைப் பாலத்துக்குப் போனேன். ரகுமத்து அவருடைய பெல்ட்டைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தாள். பீடிக் கட்டை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த இடத்தில் கற்கண்டுப் பொட்டலத்தை வைத்தாள். ஹஜ்ரத்திடம் இருந்ததைப் போலவே முடிச்சுப் போட்ட பொட்டலம்.

"இதத் திங்கக் கூடாது மச்சான். ஆனா இது இல்லாமப் போகக் கூடாது."

"ருசி பாக்க ஒண்ணே ஒண்ணு..."

"கைய எடுங்க."

படகு தூரத்தில் சிறுத்துப் போகும்வரை நின்றோம். "இதத் திங்காமலே அவுக திரும்பி வரணும்னு துஆ கேட்டிருக்கேன் சிஸ்டர்," என்றாள். முன்பும் அவர் இனிப்புத் தின்னக் கூடாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதைச் சொல்கிற குரல் வேறாக இருந்தது.

மறுநாள் காலை படகு கரை அணைந்தது. நல்ல மீன்பாடு. ஆனால் நைனா முகமது மீனைக் காட்டவில்லை. பலகையிலிருந்து குதித்ததும் பெல்ட்டைத் திறந்து பொட்டலத்தை எடுத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை.

ரகுமத்து அதை வாங்கி அவிழ்த்தாள். படகுப் பையன்களுக்குக் கொடுத்தாள். ஐஸ் உடைக்கிறவருக்குக் கொடுத்தாள். யார் என்று தெரியாத ஒரு மீன்காரம்மாவுக்கும் கொடுத்தாள். கடைசியில் ஒரே ஒரு கட்டி மிஞ்சியது. நான் கையை நீட்டினேன். அவரும் கையை நீட்டினார்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டியை முந்தானைத் துணிக்குள் வைத்து நறுக்கென்று ஒரு காக்காக்கடி கடித்தாள். ஒரு பாதியை என் கையிலும் ஒரு பாதியை அவர் கையிலும் வைத்தாள்.

"ரெண்டு சுகருக்கும் சேத்து ஒண்ணுதான்," என்றாள்.